திரையில் தெரியும் ஒற்றை முகம்

நுழையும்முன்

ஐம்பத்தாறு ஆண்டுகள் வாழ்ந்த ஒருவரின் வாழ்க்கை இரண்டு மணி நேரத் திரைப்படமாகச் சுருங்கும்போது சில செய்திகள் எஞ்சுகின்றன, பல உதிர்ந்துவிடுகின்றன. எஞ்சியவற்றைத் தேர்ந்தெடுத்தவர் யார், உதிர்ந்தவை யாருடைய உழைப்பு என்னும் வினாக்களைப் படம் பார்ப்போர் பெரும்பாலும் எழுப்புவதில்லை. கணினித் துறையின் தொழில்முனைவோரைப் பற்றி அமெரிக்காவில் எடுக்கப்பட்ட வாழ்க்கை வரலாற்றுத் திரைப்படங்களை முன்வைத்து அவ்வினாக்களை எழுப்புகிறது இப்பாடம்.

1999ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நியூயார்க் நகரில் ஆப்பிள் கணினிகளுக்கான கண்காட்சி ஒன்று நடைபெற்றது. கழுத்துவரை மூடிய கறுப்புச் சட்டை அணிந்த ஒருவர் மேடையேறினார். ஆப்பிள் நிறுவனத்தின் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் வந்துவிட்டார் என எண்ணிய கூட்டம் ஆரவாரம் செய்தது. அவர் சிறிது நேரம் பேசிய பின்னர் உண்மையான ஜாப்ஸ் மேடைக்கு வந்து, தம்மைப் போல நடிப்பதில் உள்ள பிழைகளை வேடிக்கையாகத் திருத்தினார். முதலில் வந்தவர் நோவா வைலி என்னும் நடிகர். அதற்கு முந்தைய மாதம் ஒளிபரப்பான ‘பைரேட்ஸ் ஆஃப் சிலிக்கான் வேலி’ என்னும் தொலைக்காட்சித் திரைப்படத்தில் ஜாப்ஸாக நடித்தவர் அவர்.

அப்படம் ஜாப்ஸைப் புகழ்ந்து எடுக்கப்பட்டதன்று. கடுஞ்சொல் பேசுபவராகவும், பிறர் கருத்தைத் தமதாக்கிக் கொள்பவராகவும், பெற்ற மகளை மறுத்தவராகவும் அவரைக் காட்டியது. ஆயினும் அந்நடிகரை அழைத்துத் தம் மேடையில் நிறுத்தியவர் ஜாப்ஸே. குறைகூறும் படமும் நாளடைவில் புகழ்மாலையாகிவிடும் என்பதை அவர் அறிந்திருந்தார் போலும்.

அதன்பின் இத்தகைய படங்கள் பெருகின. முகநூலை நிறுவிய மார்க் சக்கர்பெர்க்கைப் பற்றி 2010இல் ‘தி சோஷியல் நெட்வொர்க்’ வெளிவந்தது. ஜாப்ஸ் 2011இல் மறைந்தபின் ‘ஜாப்ஸ்’ (2013), ‘ஸ்டீவ் ஜாப்ஸ்’ (2015) என இரண்டு படங்கள் வந்தன. முற்காலத்தில் அரசர்க்கும் படைத்தலைவர்க்கும் உரியதாயிருந்த இடத்தில் இன்று தொழில்முனைவோர் அமர்ந்திருக்கின்றனர்.

காப்பியத் தலைவனும் திரை நாயகனும்

தன்னிகரற்ற தலைவன் ஒருவனைப் பெற்றிருத்தல் பெருங்காப்பியத்தின் இலக்கணங்களுள் ஒன்று எனத் தண்டியலங்காரம் கூறும். மலையும் கடலும் நாடும் நகரும் அத்தலைவனைச் சூழ்ந்தே வருணிக்கப்படும். கல்வெட்டில் அரசனின் வெற்றிகளை வரிசைப்படுத்தும் மெய்க்கீர்த்தியும் அவ்வகையதே. வென்றவன் அரசன், வாளேந்தியவர் பெயர்கள் அதில் வாரா. எனினும் போரில் பட்ட வீரனுக்குத் தனியே ஒரு நடுகல்லாவது கிடைத்தது. தொழில்நுட்ப உலகின் வாழ்க்கை வரலாற்றுப் படம் மெய்க்கீர்த்தியின் வழியிலேயே செல்கிறது. அங்கு நடுகல் நடுவார் இல்லை.

இதற்குத் திரைப்படக் கலையின் இயல்பும் ஒரு காரணமாகும். ஒரு கணினி உருவாவதைக் காட்சியாக்குவது அரிது. மின்சுற்றுப் பலகையின்முன் ஒருவர் பல இரவுகள் அமர்ந்திருப்பதிலோ, பிழையான ஒரு வரியைத் தேடி நிரலாளர் மூவர் ஒரு வாரம் உழைப்பதிலோ காண்போரை ஈர்க்கும் விறுவிறுப்பு இல்லை. கூட்டத்தில் ஒருவர் எழுந்து மேசையைத் தட்டிக் கத்துவது காட்சி. அரங்கின் விளக்கணைந்து, ஒரே ஒருவர்மீது ஒளி விழுவது காட்சி. ஆகவே செய்தவரைவிடப் பேசியவரே திரைக்கு உகந்தவராகிறார். விற்பனை மேடையில் நிற்பதில் ஜாப்ஸுக்கு இணையானவர் அவர் காலத்தில் இலர். திரைப்படம் அவரை மீண்டும் மீண்டும் தேடிச் சென்றதில் வியப்பில்லை.

கார்க்கொட்டகையின் கதை

கலிபோர்னியாவின் லாஸ் ஆல்டோஸ் நகரில் ஜாப்ஸ் வளர்ந்த வீடு இன்றும் உள்ளது. அந்நகரின் வரலாற்றுக் குழு 2013இல் அதனை வரலாற்றுச் சிறப்புடைய இடமாக அறிவித்தது. அதே ஆண்டு வெளிவந்த ‘ஜாப்ஸ்’ திரைப்படத்தின் காட்சிகள் அவ்வீட்டிலேயே எடுக்கப்பட்டன. அங்குள்ள கார்க்கொட்டகையில் சில இளைஞர்கள் கூடி உலகை மாற்றினர் என்பது இன்று எல்லாரும் அறிந்த கதை. வெறுங்கையுடன் தொடங்கி வெற்றி பெற்றவர் என்னும் பிம்பத்துக்கு அந்தக் கொட்டகையைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

நடந்தது சற்று வேறானது. ஆப்பிளின் முதற்கணினியை வடிவமைத்தவர் ஜாப்ஸ் அல்லர். அவருடைய நண்பர் ஸ்டீவ் வாஸ்னியாக். அப்போது வாஸ்னியாக் ஹியூலட் பேக்கர்டு நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றிக் கொண்டிருந்தார். பகலில் அலுவலக வேலை. மாலையிலும் இரவிலும் அதே அலுவலக மேசையிலும் தம் குடியிருப்பிலும் சொந்த ஆய்வு. தாம் வரைந்த சுற்றுகளின் படிகளை ஹோம்புரூ என்னும் கணினி ஆர்வலர் கழகத்தில் யார் கேட்டாலும் விலையின்றிக் கொடுத்தார். அதை விற்கலாம் என்று கண்டவர் ஜாப்ஸ். அது சிறிய திறன் அன்று. ஆனால் அது வேறொரு திறன். வடிவமைப்பு எதுவும் அந்தக் கொட்டகையில் நிகழவில்லை எனவும், கொட்டகைக் கதை பெரிதும் ஒரு கட்டுக்கதையே எனவும் வாஸ்னியாக் பிற்காலத்தில் நேர்காணலில் தெளிவுபடுத்தினார்.

1976 ஏப்ரல் 1ஆம் நாள் ஆப்பிள் நிறுவனத்தை உருவாக்கும் ஒப்பந்தத்தில் மூவர் கையொப்பமிட்டனர். மூன்றாமவர் ரொனால்டு வெயின். ஒப்பந்தத்தை எழுதியவரும், மரத்தடியில் நியூட்டன் அமர்ந்திருக்கும் முதற்சின்னத்தை வரைந்தவரும் அவரே. நிறுவனத்தில் பத்து விழுக்காடு அவருக்கு உரியதாயிருந்தது. கடன் சுமை தம்மேல் விழுமோ என அஞ்சிப் பன்னிரண்டே நாளில் 800 டாலருக்குத் தம் பங்கை விட்டு விலகினார். துணிந்தவரின் கதைக்கு நூறு படங்கள் எடுக்கலாம். சொத்தும் பொறுப்பும் உடைய நடுத்தர வயதினர் ஒருவர் அஞ்சியதில் உள்ள நியாயத்தைப் படமாக்க எவர்க்கும் தோன்றவில்லை.

அடுத்த ஆண்டு மைக் மார்க்குலா என்பவர் இரண்டரை லட்சம் டாலர் கொண்டு வந்தார். இன்டெல் நிறுவனத்தில் பணியாற்றி இளம் வயதிலேயே ஓய்வு பெற்றவர் அவர். தொழில்திட்டம், விற்பனை முறை, கடன் வசதி ஆகியவை அவர் வழியாகவே வந்தன. அப்பணம் இல்லையேல் கொட்டகை, கொட்டகையாகவே இருந்திருக்கும். 2013ஆம் ஆண்டுப் படத்தில் மார்க்குலா இடம்பெறுகிறார். ஆனால் நாயகனின் கனவைப் புரிந்துகொள்ளாது இறுதியில் அவனைக் கைவிடும் முதலாளி என்பதே அங்கு அவருக்குக் கிடைத்த பாத்திரம்.

பெட்டியின் உட்புறத்தில் இருந்த பெயர்கள்

1984 ஜனவரி 24ஆம் நாள் மெக்கின்டாஷ் கணினி அறிமுகமானது. பையிலிருந்து வெளியே எடுக்கப்பட்ட அக்கணினி, அரங்கினரை நோக்கித் தானே பேசியது. 2015ஆம் ஆண்டுப் படத்தின் முதற்பகுதி முழுவதும் அந்நாளின் பரபரப்பே. கணினி பேசியே ஆகவேண்டும் என ஜாப்ஸ் மிரட்டுகிறார். ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்டு என்னும் நிரலாளர் திகைத்து நிற்கிறார். அதைக் காண்போர் மனத்தில் எஞ்சுவது ஜாப்ஸின் பிடிவாதமே.

அந்தக் கணினியின் வரலாறு 1979இல் தொடங்குகிறது. எளிய மக்கள் கையாளத்தக்க விலை குறைந்த கணினி ஒன்றைத் திட்டமிட்டு, அதற்குத் தமக்குப் பிடித்த ஆப்பிள் வகையின் பெயரைச் சூட்டியவர் ஜெஃப் ராஸ்கின். ஜாப்ஸ் பின்னரே அத்திட்டத்திற்குள் வந்தார், ராஸ்கின் வெளியேறினார். மின்சுற்றுப் பலகையைப் பரல் ஸ்மித் வடிவமைத்தார். திரையில் கோடும் வட்டமும் விரைந்து தோன்றச் செய்யும் நிரல்களைப் பில் அட்கின்சன் எழுதினார். எழுத்துருக்களையும் சின்னஞ்சிறு படக்குறிகளையும் சூசன் கேர் வரைந்தார். கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு கட்டமாக நிரப்பி அவர் தொடங்கிய அப்பணியின் வழியில் வந்தவையே இன்று கைப்பேசித் திரையில் விரல் தொடும் படக்குறிகள்.

சுட்டியைக் கொண்டு திரையிலுள்ள படங்களை இயக்கும் முறை ஆப்பிளில் பிறந்ததன்று. பாலோ ஆல்டோவில் இருந்த ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வகத்தில் 1970களிலேயே அது செயற்பட்டது. ஆப்பிளின் பங்குகளை வாங்கும் வாய்ப்பைப் பெற்றுக்கொண்டு ஜெராக்ஸ் தன் ஆய்வகக் கதவை 1979இல் ஜாப்ஸுக்கும் அவருடைய பொறியாளர்க்கும் திறந்தது.

தெரிந்து தெளிவோம்

கணினிச் சுட்டியின் கருத்தை உருவாக்கியவர் டக்ளஸ் எங்கெல்பார்ட். அதனை மரக்கட்டையில் செய்து தந்தவர் பில் இங்கிலிஷ். 1968 டிசம்பர் 9ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோ நகரில் எங்கெல்பார்ட் அதனைப் பொதுவில் இயக்கிக் காட்டினார். அவருடைய ஆய்வுக்கு அமெரிக்க அரசின் பாதுகாப்புத் துறையும் நாசாவும் பொருளுதவி அளித்தன. இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட், இடங்காட்டும் ஜி.பி.எஸ். ஆகியவையும் அரசின் பணத்தால் உருவானவையே.

மெக்கின்டாஷ் பற்றிய ஒரு செய்தி இங்குக் குறிப்பிடத்தக்கது. அதனை உருவாக்கிய குழுவினர் அனைவரும் 1982இல் ஒரு தாளில் கையொப்பமிட்டனர். அக்கையொப்பங்கள் அச்சில் பதிக்கப்பட்டு, வெளிவந்த கணினிப் பெட்டிகளின் உட்புறச் சுவரில் இடம்பெற்றன. பெட்டியைத் திறந்து பழுது பார்ப்பவர் அன்றிப் பிறர் அவற்றைக் காண இயலாது. கலைஞர் தம் படைப்பில் பெயர் பொறிப்பர் என்று கூறி இதற்கு ஏற்பாடு செய்தவர் வேறெவரும் அல்லர், ஜாப்ஸே. தம் குழுவின் பெயர்களை அவர் பெட்டிக்குள் வைத்தார். அவரைப் புகழ வந்த திரைப்படங்கள் அந்த அளவு கூடச் செய்யவில்லை.

கடுமை, மேதைமையின் அடையாளமா?

‘ஸ்டீவ் ஜாப்ஸ்’ (2015) பிற படங்களினும் தேர்ந்தது. வால்டர் ஐசக்சன் எழுதிய வாழ்க்கை வரலாற்று நூலைத் தழுவி ஆரோன் சார்க்கின் திரைக்கதை எழுத, டேனி பாயில் இயக்கினார். பிறப்பு முதல் இறப்பு வரை சொல்லும் வழக்கத்தை விடுத்து 1984, 1988, 1998 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்த மூன்று அறிமுக விழாக்களின் மேடைப்பின்புறத்தை மட்டும் அது காட்டுகிறது. ஒவ்வொரு முறையும் விழா தொடங்கச் சிறிது நேரமே இருக்கையில் அதே ஆறு பேர் வந்து ஜாப்ஸிடம் கணக்குத் தீர்க்கின்றனர். நாடகம் என்ற அளவில் அது அருமையான அமைப்பு. உண்மை அவ்வாறில்லை. 1985இல் ஜாப்ஸை அதிகாரத்திலிருந்து நீக்கிய ஜான் ஸ்கல்லி 1998ஆம் ஆண்டு விழாவில் அவரோடு சமாதானம் பேசியதில்லை. படத்தில் எல்லார் முன்னிலையிலும் ஜாப்ஸோடு வாதிடும் வாஸ்னியாக், தாம் அவ்வாறு பேசக்கூடியவர் அல்லர் என்று கூறினார். நிகழ்ந்தவாறு எதுவும் படத்தில் இல்லை, ஆயினும் அது பெரிதன்று என்பது ஹெர்ட்ஸ்ஃபெல்டின் கருத்து.

நிகழ்ச்சிகளை மாற்றியது பெருங்குறையன்று. குறை வேறிடத்தில் உள்ளது. ஜாப்ஸின் மூத்த மகள் லிசா 1978இல் பிறந்தார். மரபணுச் சோதனை உறவை உறுதிப்படுத்திய பின்னரும் ஜாப்ஸ் அதனை ஏற்கத் தயங்கினார். அதே காலத்தில் ஆப்பிள் உருவாக்கிய கணினி ஒன்றின் பெயர் லிசா. மகளின் பெயரன்று அது எனப் பல ஆண்டுகள் மறுத்து வந்தவர் பின்னர் ஒப்புக்கொண்டார். இவையெல்லாம் படத்தில் உண்டு. ஒளித்து வைக்கவில்லை. ஆனால் இறுதிக் காட்சியில் நடப்பது யாது? பத்தொன்பது வயது மகள் சினந்து நிற்கிறாள். அவள் இடுப்பில் இருக்கும் பாட்டுப்பெட்டியைக் கண்ட தந்தை, நூற்றுக்கணக்கான பாடல்களை அவள் சட்டைப்பைக்குள் வைக்கப் போவதாகச் சொல்கிறார். பின்னாளில் உலகம் வாங்கிய ஐபாடுக்கான முன்னறிவிப்பு அது. மகளுக்கு இழைத்த அநீதி ஒரு விற்பனைப் பொருளால் ஈடுசெய்யப்படுகிறது. அரங்கம் கைதட்டுகிறது, தந்தை ஒளிவெள்ளத்தில் நிற்கிறார், படம் முடிகிறது.

2018இல் லிசா தம் இளமைக்கால நினைவுகளை ‘ஸ்மால் ஃப்ரை’ என்னும் நூலாக எழுதினார். அன்பும் புறக்கணிப்பும் மாறிமாறி வந்த நாள்களை அதில் பதிவு செய்துள்ளார். அந்நூலில் அத்தகைய ஒளிவெள்ளம் எதுவும் இல்லை.

பழிப்பது போலத் தொடங்கிப் புகழில் முடிவது தமிழ் அணியிலக்கணம் அறிந்த உத்தியே. வஞ்சப் புகழ்ச்சி அதன் பெயர். இப்படங்களிலும் அத்தகையதொரு திருப்பம் நிகழ்கிறது. நாயகன் உடன் உழைத்தவரை இழிவாகப் பேசுகிறான். பழைய நண்பனுக்கு உரிய பங்கை மறுக்கிறான். ஆனால் அடுத்த காட்சியிலேயே அவன் கேட்டது நிறைவேறி, உலகம் வியக்கிறது. எனவே இகழ்ந்ததனால்தான் வேலை நடந்தது என்னும் முடிவுக்குக் காண்போர் தாமே வந்துவிடுகின்றனர். கடுமை, மேதைமைக்குக் கொடுத்தாக வேண்டிய விலை ஆகிவிடுகிறது. அவ்விலையைக் கொடுத்தவர் நாயகன் அல்லர், பிறர் என்பது மறக்கப்படுகிறது. இகழப்பட்ட பொறியாளர் சோர்ந்து விலகியதனால் உருவாகாமற் போன பொருள்கள் எத்தனையோ! இல்லாத பொருளைப் படம்பிடிக்கும் ஒளிப்படக்கருவி எங்கும் இல்லை.

முகநூல் படத்தின் முதற்காட்சி

டேவிட் ஃபிஞ்சர் இயக்கிய ‘தி சோஷியல் நெட்வொர்க்’ மூன்று ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது. அதன் திரைக்கதையும் சார்க்கின் எழுதியதே. 2003ஆம் ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவர் ஒருவரைத் தோழி கைவிட, அந்தச் சினத்தில் அன்றிரவே அவர் கணினிமுன் அமர்கிறார். முகநூலின் விதை அங்கு விழுகிறது என்கிறது படம். அத்தோழி கற்பனைப் பாத்திரம். சக்கர்பெர்க் தம் வருங்கால மனைவியைச் சந்தித்ததே 2003இல்தான். தாம் அணியும் சட்டைகளை மட்டும் படம் சரியாகக் காட்டியிருக்கிறது என அவர் நகைத்தார். பொருள்களை உருவாக்குவதில் விருப்பம் கொண்டு ஒருவர் உருவாக்கினார் என்பதைப் படத்துறையினரால் நம்ப முடியவில்லை என்பது அவர் சொன்ன குறை.

அக்குறையில் உண்மை உண்டு. வேலையின்மீது கொண்ட விருப்பம் திரையில் தோன்றாது, காயம் தோன்றும். ஆகவே ஒவ்வொரு கண்டுபிடிப்புக்கும் பின்னால் ஒரு காயத்தைத் திரைக்கதை தேடுகிறது. நண்பருக்குத் துரோகம் செய்து கோடிகளைப் பெற்றுத் தனித்து நிற்கும் ஒருவனின் அவலத்தைச் சொல்வதே படைப்பாளியின் நோக்கம். ஆனால் விரைந்த பேச்சும் துடிக்கும் இசையும் அவ்விளைஞனை அவலத்துக்கு உரியவனாகக் காட்டவில்லை. எல்லாரையும்விட அறிவாளியாகக் காட்டின. எச்சரிக்கையாக எழுதப்பட்டதை அழைப்பிதழாக வாசித்த இளைஞர் பலர்.

வாழ்ந்தவரின் வாழ்க்கையை மாற்றிச் சொல்லும் உரிமை கலைக்கு உண்டு. தமிழில் சுதா கொங்கரா இயக்கத்தில் 2020இல் வெளிவந்த ‘சூரரைப் போற்று’, ஏர் டெக்கான் விமான நிறுவனத்தைத் தொடங்கிய கேப்டன் கோபிநாத்தின் வாழ்க்கையைத் தழுவியது. அவர் கர்நாடக மாநிலம் கோரூரில் வளர்ந்தவர், இராணுவத்தில் பணியாற்றியவர். திரையில் அவர் சோழவந்தான்காரரான நெடுமாறன் ஆனார். பெயரையே மாற்றிவிட்டதால் அது புனைவு என்பது பார்ப்பவர்க்குத் தெளிவாகிறது. புனைவு மிகுதி எனினும் தம் கதையின் சாரம் படத்தில் இருப்பதாகக் கோபிநாத்தும் பாராட்டினார். உண்மைப் பெயரையும் உண்மை முகச்சாயலையும் வைத்துக்கொண்டு நிகழாததைச் சொல்லும் படமே கூடுதல் விழிப்பைக் கோருகிறது. நடிகரின் முகம் ஒருமுறை மனத்தில் பதிந்துவிட்டால், பின்னர் படிக்கும் வரலாறு அம்முகத்தை அழிப்பது எளிதன்று.

பாதியில் நின்ற படிப்பு

ஜாப்ஸ் ரீடு கல்லூரியை விட்டு நின்றார். சக்கர்பெர்க்கும் அவருக்கு முன் பில் கேட்ஸும் ஹார்வர்டிலிருந்து நின்றனர். திரைப்படத்தில் இது ஒரு விடுதலைக் காட்சி. கல்வி என்பது மேதையைக் கட்டிவைக்கும் தளை போலவும், அதை அறுப்பதே முதல் துணிவு போலவும் தோன்றும்.

கேட்ஸ் படித்த சியாட்டில் பள்ளியில் 1968ஆம் ஆண்டிலேயே கணினி முனையம் இருந்தது. மாணவர்களின் அன்னையர் பழம்பொருள் விற்பனை நடத்தித் திரட்டிய பணத்தில் அது வந்தது. பதின்மூன்று வயதில் அதன்முன் அமர்ந்தவர் கல்லூரியை விட்டபோது அவர் கையில் பல ஆண்டுப் பயிற்சி இருந்தது. தந்தை பெயர்பெற்ற வழக்கறிஞர். தோற்றால் திரும்பிச் செல்ல ஹார்வர்டின் கதவும் திறந்தே இருந்தது. வயலை அடகு வைத்தோ நகையை விற்றோ பிள்ளையைக் கல்லூரியில் சேர்த்த குடும்பத்துக்கு அக்கதவு ஒருமுறைதான் திறக்கும். திரை இவ்வேறுபாட்டைச் சொல்வதில்லை. படிப்பை விட்டபின் பெயர் தெரியாது போனவர்களின் கதையும் திரைக்கு வருவதில்லை.

எலிசபெத் ஹோம்ஸ் என்பவர் பத்தொன்பது வயதில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் படிப்பை விட்டு, 2003இல் தெரானோஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். விரல் நுனியிலிருந்து எடுக்கும் சில துளிக் குருதியில் எண்ணற்ற சோதனைகளைச் செய்யும் கருவி தம்மிடம் இருப்பதாக அறிவித்தார். ஜாப்ஸைப் போலவே கழுத்துவரை மூடிய கறுப்புச் சட்டை அணிந்தார். இதழ்களின் அட்டைகளில் அவர் முகம் வந்தது, முதலீடு குவிந்தது. கருவி சொன்னபடி இயங்கவில்லை. ஐயம் எழுப்பிய ஊழியர்கள் அச்சுறுத்தப்பட்டனர். 2016இல் அந்நிறுவனம் தன் கருவிகள் இரண்டு ஆண்டுகள் அளித்த சோதனை முடிவுகளைச் செல்லாதவை என விலக்கிக் கொண்டது. அம்முடிவுகளை நம்பி மருந்து உண்டவர்களும், உண்ண வேண்டியதை நிறுத்தியவர்களும் இருந்தனர். முதலீட்டாளர்களை ஏமாற்றிய குற்றம் 2022இல் மெய்ப்பிக்கப்பட்டு, அவருக்குப் பதினோர் ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஒரு தோற்றத்தைக் கண்டதும் மேதை என நம்பிவிட உலகம் பழகியிருந்தது. அந்தப் பழக்கத்தை ஊட்டியவற்றுள் திரைக்கும் பங்கு உண்டு.

திரைக்கு வராதவர்கள்

2007இல் அறிமுகமான ஐபோனின் கண்ணாடிமீது விரல் நகர்ந்ததும் படம் நகர்ந்தது. பல விரல்களின் தொடுகையை உணரும் அத்தொழில்நுட்பத்தில் முன்னோடிகளாயிருந்தவர்களுள் டெலவேர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெய்ன் வெஸ்டர்மன், ஜான் எலியாஸ் ஆகிய இருவரும் அடங்குவர். வெஸ்டர்மன் தம் கைகளில் வலி இருந்தமையால் அழுத்தாமல் தொட்டாலே இயங்கும் விசைப்பலகையைத் தேடினார். அவர்கள் தொடங்கிய சிறு நிறுவனத்தை 2005இல் ஆப்பிள் வாங்கியது. வலித்த கைகளிலிருந்து தொடங்கும் இக்கதை, கைவிட்ட தோழியின் கதையைவிட எவ்வகையிலும் குறைந்ததன்று.

அக்கருவியை ஒன்றுசேர்க்கும் கைகள் இன்னும் தொலைவில் உள்ளன. சீனாவின் ஷென்ஷென், ஜெங்ஜோ நகரங்களிலும், தமிழ்நாட்டில் ஸ்ரீபெரும்புதூர் அருகிலும் ஐபோன்கள் உருவாகின்றன. பல மாவட்டங்களின் சிற்றூர்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கிப் பணிபுரியும் இளம்பெண்கள் ஆயிரக்கணக்கானோர் அங்கு உள்ளனர். முறைப்பணிக்கான பேருந்து விடியுமுன் புறப்படும். கடுகினும் சிறிய திருகுகளைப் பிழையின்றிப் பொருத்த வேண்டும், தூசு படக்கூடாது, கை நடுங்கக்கூடாது. இப்பாடத்தைப் படிக்கும் மாணவர் சிலரின் அக்காவோ சித்தியோ அப்பேருந்தில் செல்பவராகவும் இருக்கலாம். இம்மூன்று படங்களும் முடிந்து பெயர்கள் ஓடும்போது நடிகர்க்கு ஒப்பனை செய்தவரின் பெயர் வரும். உணவு வழங்கியவரின் பெயர் வரும். திரைப்படத்துறை தன் உழைப்பாளருக்குக் காட்டும் அந்த நேர்மை, படம் பேசும் துறையின் உழைப்பாளர்க்கு இல்லை.

வேறு வழியில் எடுக்க இயலாது என்பதில்லை. கனடாவின் கைப்பேசி நிறுவனத்தைப் பற்றிய ‘பிளாக்பெர்ரி’ (2023), நண்பர் சிலர் மகிழ்ந்து செய்த ஒரு பொருள், பேராசையாலும் அவசரத்தாலும் சரிந்த கதையை மிகைப்புகழ் இன்றிச் சொல்கிறது. ஆயினும் அங்கும் நாயகர் ஓரிருவரே. ஒரு குழுவை நாயகனாக்கும் படம் இத்துறையில் இனிமேல்தான் வரவேண்டும்.

வாஸ்னியாக்கின் வாழ்க்கையில் படமாகாத பகுதிகள் பல. 1980இல் ஆப்பிளின் பங்குகள் சந்தைக்கு வருமுன், பங்கு கிடைக்காத தொடக்க கால ஊழியர்களுக்குத் தம் பங்குகளிலிருந்து அவர் பகிர்ந்தளித்தார். விமான விபத்தில் காயமுற்றுத் தேறியபின், பாதியில் விட்ட பட்டப்படிப்பை முடிக்க விரும்பிப் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மீண்டும் சேர்ந்தார். கோடீசுவரர் ஒருவர் வகுப்பில் இருப்பது தெரியக்கூடாது என வேறொரு பெயரில் பதிவு செய்துகொண்டார்; பிற மாணவரோடு அமர்ந்து தேர்வெழுதிப் பட்டம் பெற்றார். மோதலும் முழக்கமும் வேண்டும் திரைக்கதைக்கு இவற்றில் பயன் இல்லை. 1990களில் அவர் தம் ஊர்ப்பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணினி கற்பிக்கத் தொடங்கினார். செய்தியாளர்களை உள்ளே விடவில்லை. பல ஆண்டுகள் அவ்வாறே கற்பித்தார்.

கற்பவை கற்றபின்...

1. தாங்கள் அண்மையில் பார்த்த வாழ்க்கை வரலாற்றுத் திரைப்படம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதில் ஓரிரு காட்சிகளில் மட்டும் வந்து மறையும் ஒருவரின் பார்வையில் அக்கதையை இரண்டு பக்க அளவில் எழுதுக.

2. தங்கள் ஊரில் உள்ள ஒரு தொழிற்கூடம், அச்சகம் அல்லது நெசவுக்கூடத்துக்குச் சென்று, ஒரு பொருள் உருவாவதில் பங்கேற்போர் அனைவரின் பணிகளையும் கேட்டறிந்து பதிவு செய்க.

3. ‘உண்மை மனிதரின் பெயரைப் பயன்படுத்தும் திரைப்படம் நிகழாத நிகழ்ச்சிகளைச் சேர்க்கலாமா?’ என்னும் பொருளில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.